வியாழக்கிழமை கறுத்த குதிரை

எனக்குப் பிழை பொறுக்காது. பிறவிக் குணம். பிரியாணியில் ஒரு கல் கிடந்தால் பந்தியை விட்டு எழுந்து சமைத்த பண்டாரியைத் தேடிப் போகிறவன் நான். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அன்சர் பாய் வளையல் கடை என்றால் தெரியும். அன்சர் பாய் வாய் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். இப்படிப்பட்டவனிடம் மூன்று வருஷம் வேலை பார்த்துக்கொண்டு, நான் கண்டுபிடித்த ஒரு குற்றத்தைக்கூட ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் செவ்வந்தி.

ரிஷிவந்தியம் பக்கத்து ஊர் அவளுக்கு. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பத்து வயதில் களை எடுக்கப் போனவள். கரும்புக்குச் சோகை உரித்து உரித்து முழங்கை வரை கீறல் தழும்பு. முட்டி தேய்ந்து வயலில் குனிய முடியாமல் போனதும் என் கடைக்குப் பெருக்கித் துடைக்க வந்தாள். முதல் நாள் அவள் கேட்டது சம்பளத்தைப் பற்றி அல்ல.

"பாய், இந்த டிவி சாயங்காலத்துல ஓடுமாங்க?"

ஏழு மணிக்குப் 'பளிங்குமலை ராணி' வரும். வடநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்தது. ராணி, சூனியக்காரி, பேசும் கழுகு, பறக்கும் குதிரை எல்லாம் உண்டு. செவ்வந்தி வீட்டு டிவி இடி விழுந்து போய்விட்டது. அவள் எட்டு மணி பஸ்ஸில் ஊர் திரும்பும்போது, கூட வரும் சூளைவேலைப் பெண்களுக்கு அன்றைய கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸே காத்திருக்கும் என்பாள். அதனால் அந்த அரை மணி நேரம் கையில் துடைப்பத்தோடு டிவிக்கு எதிரே நிற்பாள். நானும் பார்ப்பேன், குற்றம் கண்டுபிடிக்க. அந்தத் தொடரில் அதற்கா பஞ்சம்!

ராணி குளத்தில் விழுந்து எழுந்தாள். அடுத்த நொடி தலைமுடி காய்ந்து பறந்தது. "பாத்தியா லட்சணத்த!" என்றேன்.

"அது மாயக் கொளம் பாய். அதுல தண்ணியா இருக்குது? எல்லாம் நெழலு."

கிழட்டு மந்திரி கையில் வாட்ச். நான் கைகொட்டிச் சிரித்தேன். "தாயத்துங்க அது" என்றாள்.

"தாயத்துல முள்ளு ஓடுதேடி!"

"சக்தியுள்ள தாயத்துன்னா ஓடாம கெடக்குமா?"

ஒருநாள் தளபதியாக வேறு ஒருவர் வந்து நின்றார். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையிலேயே எழுதிக் காட்டினார்கள். இன்று மாட்டினாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நாக வம்சம் பாய் அவரு. ஏழு வருசத்துக்கு ஒருக்கா மூஞ்சிய உரிச்சிப் போட்டுடும். போன தீபாவளிக்கே அந்தச் சாமியார் சொன்னாரே, நீங்க தொழுவப் போயிருந்தீங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கதையை எழுதுகிறவர்களுக்கே இவ்வளவு தோன்றாது. வளையல் வாங்க வந்தவர்கள் வாங்கி முடித்தும் போகாமல் நின்று கேட்பார்கள். விற்பனைப் பெண் நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நிர்மலா கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, அண்ணன் வீட்டில் தங்கி வேலை பார்க்கிற பெண். ஒரு கையைப் பார்த்தாலே ரெண்டு ஆறா, ரெண்டு எட்டா என்று வளையல் அளவைச் சொல்லிவிடுவாள்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். முதலில் என் கடைக் காலண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். அதை முதலாளிதான் கிழிக்க வேண்டும் என்பது என் வாப்பா அப்துல் ஜலீல் போட்ட சட்டம். காலையில் பிஸ்மில்லா சொல்லி நான் கிழித்தால்தான் வியாபாரம் தொடங்கும். வேறு யார் கை பட்டாலும் நான் குதிப்பேன். அந்தப் புதன்கிழமை நான் சரக்கு எடுக்கச் சென்னை போனேன். வியாழன் மாலை நாலு மணிக்குத்தான் திரும்பினேன். காலண்டர் பன்னிரண்டாம் தேதி செவ்வாயிலேயே நின்றது.

வியாழன் மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. கடைக் கேமராவின் படம் பதிகிற பெட்டிக்கு ஒரு வியாதி உண்டு: கரண்ட் போனால் தேதி மறந்துபோகும். ரிப்பேர் பண்ணச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு தடவையும் நானே தேதி போடுவேன். பயணக் களைப்பில் அன்றும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன், போட்டேன். கண்ணில் பட்ட தேதியைப் போட்டோம் என்பதுகூட மனதில் பதியவில்லை.

அன்று ஏழு மணிக்குத்தான் குதிரை கறுத்தது. மூன்று வருஷமாக வெள்ளைக் குதிரையில் பறந்த ராணி, கறுப்புக் குதிரையில் வந்து இறங்கினாள். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"இதுக்கு இன்னா சொல்லப் போறே? வெள்ளக் குதுர எங்கேடி?"

"அதே குதிரதாங்க. இன்னிக்கி அமாவாச. கறுத்துடும்."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இல்ல, தெரிஞ்சிகினே மழுப்பறியா?"

எப்போதும் சிரித்துச் சமாளிக்கிறவள் அன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "தெரியாம இருக்குமா பாய்? உங்களுக்கு முந்தி எனக்குத் தெரியும். யாரோ ஒரு கூலிக்காரன் வெளிச்சம் பத்தாம வேற குதிரய இழுத்துகினு வந்திருப்பான். 'தப்பு, தப்பு'ன்னு ஊரே கத்துனா அவனத்தானே வேலய வுட்டுத் துரத்துவாங்க? நான் ஒரு காரணம் சொல்லிட்டா கதயும் ஓடிடும், அவனும் பொழச்சிப்பான்."

எங்கோ மும்பைப் பக்கம் இருக்கிற குதிரைக்காரனுக்கு இவள் என் கடையில் நின்று ஜாமீன் கொடுக்கிறாள்! அப்போதும் நான் சிரித்தேன். எனக்கு அது உறைத்தது சனிக்கிழமைதான்.

சனிக்கிழமை காலை, சின்னசேலத்திலிருந்து அருள்மொழி என்கிற வாடிக்கைக்காரம்மா அழுதுகொண்டே வந்தார். செவ்வாய் மாலை மகள் கல்யாணப் பட்டுப்புடவையைச் சிவப்புக் கவரில் கொண்டுவந்து வளையலுக்கு நிறம் பார்த்தார். இப்போது கவரைக் காணோம், இங்கேதான் விட்டிருப்பேன் என்றார். கடையைப் புரட்டினோம், இல்லை. கேமராவில் பன்னிரண்டாம் தேதி என்று போட்டு ஓட்டினேன். மாலை ஏழு பத்துக்கு, நிர்மலா ஒரு சிவப்புக் கவரைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே போகிறாள்!

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இது இன்னா?" என்றேன்.

நிர்மலா கிட்டே வந்து பார்த்தாள். "பாய், அது உங்க வூட்டம்மா எனக்குக் குடுத்த கவருங்க. உங்க பொண்ணு ஹப்சாவோட பழைய சுடிதாரு. வியாழக்கெழம குடுத்தாங்க."

"நானும் தேதிதான் பாக்கறேன். இது செவ்வாக்கெழம!"

அவள் மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவையும் சொன்னாள். நான் கேட்கிற நிலையில் இல்லை. அந்தக் காட்சியைப் போனில் பிடித்தேன். எங்கள் கடைவீதி வியாபாரிகள் குரூப்பில் இருநூறு பேர். 'மலையிலிருந்து வந்த பெண், பெயர் நிர்மலா, வேலைக்கு வைக்காதீர்கள்' என்று எழுதினேன். அது போய்விட்டால் இந்த ஊரில் ஒரு கடையும் அவளை வாசலில் ஏற்றாது. மலைக்கு ஏறிப் போனாலும் திருடி என்ற பெயர் முன்னாலேயே போய் நிற்கும். தெரிந்துதான் எழுதினேன். அனுப்ப விரலை வைத்தபோது செவ்வந்தி குறுக்கே கையை நீட்டினாள்.

"ஒரு நிமிசம் பாய். நானும் பாக்கறேன்."

"இது உன் ராணி கதை இல்ல. இதுக்கும் காரணம் சொல்லிகினு வராதே."

"காரணம் சொல்லலீங்க. பாக்கறேன்."

பார்த்தாள். "இன்னொருக்கா" என்றாள். மூன்றாம் தடவை நிர்மலாவை அவள் பார்க்கவே இல்லை. படத்தின் மூலையில் விரலை வைத்தாள். அங்கே சுவரில் எங்கள் டிவி தெரிந்தது.

"பாய், ராணி எந்தக் குதிரமேல போறா?"

குனிந்து பார்த்தேன். சின்னதாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. கறுப்புக் குதிரை.

"செவ்வாக்கெழம வெள்ள. புதங்கெழமயும் வெள்ள. கறுத்தது வியாழக்கெழம. நீங்கதான பாய் எழுந்து நின்னு கத்துனீங்க? தோ பாருங்க, கத்திகினு நிக்கறீங்க."

நின்றுகொண்டிருந்தேன். படத்தில், கையைத் தூக்கிக்கொண்டு, நானேதான்.

வாய் விடுமா? "அதே குதிரைதான்னு சொன்னியே?" என்றேன்.

"குதிர அதேதாங்க. நாளுதான் வேற" என்றாள் செவ்வந்தி.

அப்போதுதான் காலண்டர் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை நான் மூன்று தாளை மொத்தமாகக் கிழித்தது, கேமராப் பெட்டிக்கு அதைப் பார்த்துப் போட்ட பழைய தேதி, செவ்வாய்ப் படத்தின் மேலேயே வியாழன் படம் பதிந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் குத்தின. வீட்டுக்குப் போன் போட்டேன். "ஆமா, நாந்தான் குடுத்தேன், வியாழக்கெழம. ஏன், இன்னா ஆச்சு?" என்றாள் என் மனைவி மெஹ்ராஜ். அரை மணி கழித்து, வேறு இடத்தில் தேடப் போயிருந்த அருள்மொழியம்மாவும் தயங்கித் தயங்கிப் போனில் கூப்பிட்டார். புடவை, ஓரம் தைக்கக் கொடுத்த தையற்கடையிலேயே இருந்ததாம்.

குரூப்புக்கு எழுதியதை அழித்தேன். யா அல்லா, ஒரு விரல் தூரம்! படிக்கத் தெரியாதவள், முட்டி தேய்ந்தவள், நாளெல்லாம் நான் கேலி செய்தவள். ஊர் முழுக்கப் பிழை பார்க்கிற என் கண்ணுக்குத் தெரியாதது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று வருஷம் ஒவ்வொரு பிழையையும் என்னைவிடக் கூர்மையாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் மூடிவிட்டவள். ஒரு பெண்ணின் பிழைப்புக்கு ஆபத்து என்றதும், மூடாமல் பிரித்துக் காட்டிவிட்டாள். இவளுக்கு முன்னால் நான் எம்மாத்திரம்?

நிர்மலா வளையல் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் எதிரே போய் நின்றேன். என் திணறலைப் பார்த்துச் செவ்வந்திதான் பேசினாள். தொடருக்குச் சொல்வது போலவே எனக்கும் ஒரு காரணம் சொன்னாள்.

"பாய் மேல தப்பு இல்ல நிர்மலா. கேமராவுல தேதி மாறிப்போச்சு. காலண்டரு கிழிக்கல, அவ்ளோதான்."

நிர்மலா தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அது சரிங்க பாய். வூட்டம்மா குடுத்ததுன்னு மூணு தடவ சொன்னேனே. அப்பவே ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?"

நான் செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தேன். மாயக் குளத்துக்கும் வாட்ச் கட்டிய மந்திரிக்கும் கறுத்த குதிரைக்கும் காரணம் சொன்னவள். இதற்கும் ஏதாவது சொல்ல மாட்டாளா என்றுதான் பார்த்தேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மறுபடியும் பெருக்க ஆரம்பித்தாள்.