ஏலத்தில் எடுத்த பங்களாவும் எறும்புச் சாரையும்

லாட்ஜ் தொழிலில் விருந்தாளி தூங்குவார், முதலாளி விழித்திருப்பார். அதிலும் ஏலத்தில் எடுத்த பங்களா என்றால் கேட்கவே வேண்டாம். பழைய வீட்டை வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்திருக்கும் அன்பர்களே, நானும் உங்கள் ஜாதிதான்.

கிணறு பார்த்த படலம்

ஐம்பதுகளின் கடைசியில், பழனியில் இருந்த பஞ்சாமிர்தக் கடையை விற்றுவிட்டு, கொடைக்கானலில் கடனுக்காக ஏலத்துக்கு வந்த பங்களா ஒன்றை லாட்ஜ் நடத்த எடுத்தேன். வாசல் எந்தத் திசை, கூரை ஒழுகுமா, எல்லாம் பார்த்தேன். தண்ணீருக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி, கிணற்றை எட்டிப் பார்த்தேன். தளும்பிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை. ஏலம் விட்டவர் சொன்னார்: "உள்ளது உள்ளபடிதாங்க. பெறகு வந்து அழப்படாது."

பால் காய்ச்சிய மறுநாள்

பால் நன்றாகத்தான் பொங்கியது. ஆனால் மேல்தொட்டியில் நிரப்பிய தண்ணீர் விடிவதற்குள் காலி. சுவரிலும் ஈரமில்லை, தரையிலும் ஈரமில்லை. குழாய் வேலை பார்க்கும் அருளப்பனைக் கூப்பிட்டேன். பலகைத் தரைக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாயைத் துரு தின்றிருக்கிறது என்றார். வீடு முழுக்கப் பலகையைப் பெயர்த்தால் சீசனுக்குத் திறக்க முடியாது. திறக்காவிட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பும் கிடையாது. எந்த இடம் என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவரோ நிதானமாகச் சொன்னார்: "எந்தப் பலகைக்கு அடியில ஓட்டை கெடக்குன்னு மாதாவுக்குத்தான் தெரியும் மொதலாளி."

மரகதத்தின் வைத்தியம்

என் மனைவி மரகதம் குறுக்கே வந்தாள். "நம்ம கடையில ஒரு சொட்டு பாகு சிந்துனா எறும்பு விட்டுவைக்குமா? தொட்டியில நாட்டுச் சர்க்கரையக் கரைச்சு விடுங்க" என்றாள். அருளப்பன் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கரைத்தோம்.

மறுநாள் வெள்ளனே போய்ப் பார்த்தால், சாப்பாட்டு அறை ஜன்னலோரம், ஒரு பலகை இடுக்கில் எறும்புச் சாரை! அந்த ஒற்றைப் பலகையைப் பெயர்த்தார் அருளப்பன். அடியில் விரல் நுழையும் ஓட்டை. சந்தோஷத்தில் விசிலே அடித்துவிட்டேன். மரகதம் அலட்டிக்கொள்ளவில்லை: "வெரசா குழாயை மாத்துங்கண்ணே. எறும்புக்குக் கூலி குடுத்தாச்சு."

சீசன்

சித்திரையில் அறைகள் அத்தனையும் நிரம்பின. குழாய்கள் கொட்டின. அந்த வாரமே, இன்னொரு ஏல பங்களாவை எடுத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பள்ளங்கி ஊர்க்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அக்காவை அனுப்பி வைங்க, சர்க்கரை வாங்கி வச்சிட்டேன்."

ஆகையால் அன்பர்களே, ஏலம் கேட்கப் போகும்போது பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிறகு ஊரார் கூப்பிட ஆரம்பித்துவிட்டால், உங்களோடு வர அவளுக்கு நேரம் இருக்காது.