ஹார்ட்னர் கொஞ்சம் தூக்கலாக...

ஹார்ட்னரை அதிகம் போட்டால் பசை அதிகம் இறுகும் என்றுதான் நான் நம்பினேன். சத்தியமாக.

சிரிக்காதீர்கள். எபாக்ஸி பசை வாங்கினால் இரண்டு ட்யூப் வரும். ஒன்றில் பிசின். இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். இரண்டையும் சரிபாதி கலக்கச் சொல்லி அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அட்டையை எல்லாம் படிக்கிற ஆளா நான்? குழம்பில் உறைப்பு போதவில்லை என்றால் மிளகாய்ப் பொடியை அள்ளிப் போடுவதில்லையா... அதே தத்துவம்!

போன வாரம் என் மனைவி கமலா மெட்ராஸ் கப்பல் ஏற வேண்டியிருந்தது. அவள் தங்கைக்குக் கல்யாணம். "அந்தமானுக்குப் போய் மாப்பிள்ளை என்னத்தைக் கிழிச்சாரு?" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் நிறைந்த சபையில், புருஷன் கையால் செய்த சங்கு விளக்கை வைத்து அத்தனை வாயையும் அடைப்பது அவள் திட்டம். ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

போர்ட் பிளேரில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதி குமாஸ்தாக்கள் கலைஞர்கள். ஆளுக்கொரு சங்கு, ஆளுக்கொரு அரம், ஆளுக்கொரு அலட்டல். நான் மட்டும் இளைத்தவனா? வண்டூர் கரையில் பொறுக்கிய தேங்காய் அளவுச் சங்கு. அதற்கு அடியில் படாக் மரப் பலகை. இரண்டையும் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

கப்பல் மதியம். நான் பசை கலந்தது அன்று காலை. ஏன் முதல் நாளே செய்யவில்லை? கமலாவும் இதையேதான் கேட்டாள்.

சங்கின் வழவழப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டுமாம். ஒட்டிய பிறகு கயிறு கட்டி ஒரு நாள் விட்டுவிட வேண்டுமாம். இதெல்லாம் கோழைகள் செய்வது. நான் ஹார்ட்னரை மூன்று மடங்கு பிதுக்கினேன். குழைத்தேன். தடவினேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு எதற்குக் கயிறு?

கமலா பெட்டி கட்டினாள். நான் பிடித்திருந்தேன். கமலா இட்லி ஊட்டினாள். நான் பிடித்திருந்தேன்.

"போதும், விடுங்க. சேலையில சுத்தி வைக்கணும்."

விட்டேன். அதாவது, விட நினைத்தேன். விரல்கள் அசையவில்லை!

"கமலா... கை ஒட்டிக்கிச்சு!"

அந்த ஒரு நிமிடத்தில் என் மீதி வாழ்க்கை முழுவதும் கண் முன்னால் ஓடியது. ஆபீஸில் விளக்கோடு கையெழுத்துப் போடுகிறேன். பஸ்ஸில் விளக்குக்கும் சேர்த்து டிக்கெட் கேட்கிறார்கள். நாளைக்கு என்னைத் தூக்கும்போது...

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மண்டல் பாபு ஓடி வந்தார். படகுத் துறையில் டிக்கெட் கிழிப்பவர். பிறர் கஷ்டத்தை ரசிப்பதில் மன்னன்.

"அரே அண்ணா! க்யா கர் தியா? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். வீட்டுக்குப் போனார். ரம்பத்தோடு திரும்பி வந்தார்.

"போலோ பாபி, க்யா காட்னா ஹை? எதை அறுக்கணும், விளக்கா, கையா?"

கமலா பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தாள். "ஐயையோ, விளக்கை அறுத்துடாதீங்க!"

இருபது வருடத் தாம்பத்தியம், ஐயா!

நான் அழாத குறை. மண்டல் பாபு ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பின்னால் வந்தார். எலும்பை எங்கே வெட்டலாம் என்று பார்க்கிறாராக்கும் என்று கண்ணை மூடினேன். அந்த மனிதர் இரண்டு அக்குளிலும் கையை விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டினார்.

துள்ளினேன். பத்து விரலும் விரிந்தன. பலகை என் காலில் விழுந்தது. சங்கு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

கமலா பலகையைத் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று பனங்கற்கண்டுப் பாகு மாதிரி இருந்தது.

"என்னங்க... இது காயவே இல்லையே?"

காயவில்லை. இன்று வரை காயவில்லை. அத்தனை நேரம் இறுக்கிப் பிடித்ததில் விரல்கள்தான் மரத்துப் போயிருந்தன. கமலா அபெர்டீன் பஜாரில் ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினாள்.