ஸ்கேனருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து சிறுசேரி அலுவலகம் திறந்த காலை, என் பொறுப்பிலிருந்த பிரிண்டரில் ஸ்கேனர் மட்டும் ஓடவில்லை. சிவப்பு விளக்கு சிமிட்டியது. அணைத்துப் போட்டேன், கரகரவென்று இழுத்து நின்றது. அஞ்சாவது படித்தவனுக்கு இந்த வேலை போனால் வேறு வேலை ஏது?

"இன்னா அண்ணாத்த, மிஷின ஒடச்சிட்டியா? மேனேஜரம்மா லிஃப்ட்ல வந்துகினு கீறாங்க," என்றார் கம்பெனி டிரைவர்.

மூடியைத் தூக்கினேன். ஸ்கேனர் விளக்கு கிளம்பும் கண்ணாடி ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, விளக்கை மறைத்திருந்தன. பூஜையன்று மேனேஜரம்மாவே வைத்த பொட்டு. அழிக்கவும் பயம், விடவும் பயம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஓடியது.

ஸ்கேன் எடுக்கத் தாளோடு வந்த மேனேஜரம்மா மூடியைத் திறந்தார். "நான் வெச்ச பொட்டு எங்க?"

சிவந்த துணியை நீட்டினேன். அவர் துணியையும் கண்ணாடியையும் பார்த்தார்.

"ஐயோ, மூடி மேல வெச்சிருக்கணுமா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.