நைனா உதறிய பட்டப்பெயர்

நைனாவின் முதலாம் ஆண்டுப் படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, மூத்த மகளான நான் எழுதும் இதில் புகழ்ச்சி குறைவாகத்தான் இருக்கும். யாராவது தன்னை அதிகமாகப் புகழ்ந்தால், இவருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று யோசிப்பவர் நைனா.

ஆந்திர எல்லையில் சாந்திபுரம் பக்கத்தில், சொந்த நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு தெலுங்குப் பள்ளிக்கூடம் நின்றது. கல் குவாரியில் சுமை தூக்கினார். வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவு திறந்த வருடங்களில் குப்பம் ஊரைச் சுற்றி கிரானைட் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் ஒன்றில் அறுத்த கல்லைச் சோதிப்பவராக உயர்ந்தார். மெருகேற்றிய கல்லின்மேல் தண்ணீர் ஊற்றுவார். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் மயிரிழைபோல் ஈரம் நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது என்று பொருள். அந்தக் கல் கப்பல் ஏறாது.

வீட்டிலும் அப்படியே. பாலைச் சந்தேகப்பட்டார், தராசைச் சந்தேகப்பட்டார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர் சொன்ன பெங்களூரு அலுவலகத்துக்கு ரயிலேறிப் போய், எதிர்ப்புறம் நின்று, அவர் உள்ளே நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னார். என் கணவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்பார்கள். இருக்கலாம்.

இந்தக் கறாரைப் பார்த்துத்தான் பட்டறையில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். ஜெர்மனியை ஆண்டு, யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்றொழித்த கொடுங்கோலனின் பெயர். கண்டிப்பான வாத்தியாருக்கும் மாமியாருக்கும் அதை வைப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். எந்தப் பெயர் என்று உங்களுக்குத் தெரியும். இந்த மலரில் அதை அச்சிட மாட்டேன்.

அப்படிக் கூப்பிட்டால் நைனா திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைச் சின்ன வயதிலேயே கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. ஒரு பிறந்தநாளுக்கு அவர் படத்தில் அந்த ஆளின் துண்டு மீசையையும் தொப்பியையும் ஒட்டி, 'எங்கள் வீட்டு' என்று போட்டு அந்தப் பெயரையும் எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே, யூதர்களைக் கொன்ற விஷவாயுவைப் பற்றி ஒரு கேலி வேறு. இப்போது எழுதவே கூசுகிறது. அன்று எல்லோரும் சிரித்தீர்கள். பலர் வேறு குழுக்களுக்கும் அனுப்பினீர்கள்.

நைனா போன் செய்தார். வேண்டாதவன் எவனோ குழுவில் புகுந்து செய்த வேலை என்றே நினைத்திருந்தார். நான்தான் என்றேன். பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு யூதப் பெரியவர், தன் ஊரில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைப் பொறிக்கக் கறுப்புக் கல் தேடிப் பட்டறைக்கு வந்தாராம். அவர் எதிரிலேயே ஆட்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, இவரும் நெஞ்சைத் தொட்டு, நான்தான் அது என்று பெருமையாகக் காட்டியிருக்கிறார். மேனேஜர் விளக்கிச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

"அந்தாளு கோவப்படலம்மா. கல்லுமேல கைய வெச்சிக்கினு, எங்கம்மா பேரும் ரெண்டு தங்கச்சிங்க பேரும் இதுல வரும்னாரு. நெஞ்சத் தொட்ட கைய எங்க வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

எல்லோரிடமிருந்தும் அந்தப் படத்தை அழிக்கச் செய் என்றார். நான் குழுவில் மன்னிப்புக் கேட்டு, படத்தை அழிக்கச் சொன்னேன். திருப்பதியிலிருக்கும் அத்தை மகன் மட்டும் ஒப்பவில்லை. அந்தக் கொலைகளே யூதர்கள் கட்டிய கதை என்று ஒரு வீடியோவைப் போட்டு, எதையும் நம்பாத மாமா இதை மட்டும் ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டான். நைனா குரல் பதிவில் பதில் சொன்னார்.

"சந்தேகம்னா தண்ணி ஊத்திப் பாக்கணும்ப்பா. நீ ஊத்தினியா? அந்த வீடியோவ யாரு எடுத்தான், அவனுக்கு இன்னா லாபம், கேட்டியா? செத்தவங்களச் சந்தேகப்படற, போன்ல வந்தத நம்பற. இது சந்தேகம் இல்ல, துவேஷம்."

அதன்பின் கொலைகாரர்களே எழுதி வைத்த ஆவணங்களையும், உயிர் தப்பியவர்கள் நீதிமன்றங்களில் சொன்ன சாட்சியங்களையும் தேடிப் படித்தேன். தமிழிலும் தெலுங்கிலும் சுருக்கி நைனாவுக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். யார் எழுதியது, வேறு யார் பார்த்தது என்று என்னையும் குடைவார். 'தேறியது' என்று அவர் சொன்னது மட்டும்தான் குழுவுக்குப் போகும். அத்தை மகன் குழுவைவிட்டு வெளியேறினான். நைனாவின் ஒரே தங்கையான அத்தையும் வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு சங்கராந்திக்கு நைனா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அத்தை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று சாயந்திரம் நைனா என்னிடம், "எல்லாரும் அழிச்சிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில் நைனா போய்விட்டார். மதியத்துக்குள் பட்டறைக்காரர்களின் குழுவிலிருந்து அஞ்சலி வந்தது. நான் மீசை ஒட்டிய படம். அதைச் சுற்றி மாலை, கீழே கண்ணீர்த் துளி. கெட்ட எண்ணத்தில் யாரும் அனுப்பவில்லை, அவர்களிடம் இருந்த படம் அதுதான்.

நைனாவைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், தோள் கொடுத்த பட்டறை நண்பர்களுக்கும், முடியாத உடம்போடு வந்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அஞ்சலிப் படத்தை அனுப்பியவர் வீட்டுக்கே போய் அதை நீக்கச் சொன்ன அத்தை மகனுக்கும் நன்றி. அவன் மனம் மாறினானா, மாமனுக்காகச் செய்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

படத்தைச் செய்தவள் நான். நைனாவிடம் கடைசியாகப் பொய் சொன்னவளும் நான். சாப்பாடு முடிந்து நீங்கள் கிளம்பும்போது வாசலில் நிற்பேன். அழித்துவிட்டோம் என்று வாயால் சொல்லாதீர்கள். போனைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள்.