பேர் சரி

லண்டனிலிருந்து வரும் பெரியப்பாவின் பெட்டியில் பாதி பழைய பத்திரிகைகளாக இருக்கும். ஒவ்வொரு ஒக்ரோபர் கடைசியிலும் கனடாவில், பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று கிழமை தங்குவார். திருமணம் செய்யாதவர். லண்டனில் தபால் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர்.

"என்ன அத்தான், பிள்ளைக்கு ஒரு ரொபி இனிப்பும் இல்லை, எல்லாம் பேப்பரோ?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ரொபி ரெண்டு நாளில முடிஞ்சிடும் பிள்ளை. இதை வச்சு வருசம் முழுக்கச் சிரிக்கலாம்" என்பார் பெரியப்பா. அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் சேர்த்தவை செய்திகள் அல்ல, திருத்தங்கள். நேற்று இன்னதைத் தவறாக எழுதிவிட்டோம், வருந்துகிறோம் என்று உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் வருமே, அதைக் கத்தரித்து, மூலச் செய்திக்குப் பக்கத்தில் ஒட்டி, பிழையான சொல்லின் கீழ் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்திருப்பார். பிழை முன்பக்கத்தில், மன்னிப்பு முப்பதாம் பக்கத்தில் என்பது அவர் அடிக்கடி சொல்வது. பின்னாளில் ஒரு பத்திரிகையில் அதே மூலையை நிரப்பும் வேலை எனக்கு வாய்த்தது.

அவருடைய பெரிய கோபம் நவம்பர் மாத இங்கிலாந்தின் மேல். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர், காலநிலை சொல்பவர், மந்திரி, எதிர்க்கட்சிக்காரர் எல்லோருடைய நெஞ்சிலும், போரில் இறந்த படையினரின் நினைவாக, சிவப்புப் பொப்பிப் பூ இருக்கும். யார் முதலில் குத்தினார், யார் குத்த மறந்தார் என்று பத்திரிகைகள் கணக்கெடுக்கும். "செத்தவையிலயும் யூனிபோம் போட்டவையைத்தான் இவங்கள் எண்ணுவாங்கள்" என்பார் பெரியப்பா. அவர் ஒருநாளும் அந்தப் பூவைக் குத்தியதில்லை.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் போர்க்கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய கூலித் தொழிலாளி. இரண்டாம் உலகப் போரின்போது ஒரு காலை யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. உடல் கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது ஆறு வயது, என் அப்பா அப்பம்மாவின் வயிற்றில். அந்தப் போரில் இறந்த மாலுமிகளுக்கு அந்த ஊரில் கல் இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது, சுற்றிவரப் புல் வெட்ட ஆள் இருக்கிறது. அப்பப்பாவின் பெயர் எங்கும் இல்லை.

அந்தப் பெயருக்காகப் பெரியப்பா லண்டன் பத்திரிகைகளுக்கு வருடம் தவறாமல் கடிதம் எழுதினார். ஒரே ஒரு முறை பிரசுரமானது. இரண்டு பக்கக் கடிதத்தை மூன்று வரியாக்கி, குடியேற்ற நாடுகளின் பலரும் பிரித்தானியாவுக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்று முடித்திருந்தார்கள். அப்பப்பாவின் பெயரை வெட்டிவிட்டார்கள். "கொடுத்தார்கள்" என்பதன் கீழ் பெரியப்பா சிவப்புக் கோடு இரண்டு போட்டிருந்தார்.

"அப்பா உயிரைக் குடுக்கப் போகேல்லை. வேலைக்குப் போனவர்" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம், நினைவு நாளுக்காக ஆசிரியை ஒரு துண்டுத் தாள் தந்து விட்டார். போரில் இறந்தவர் யாராவது குடும்பத்தில் இருந்தால் பெயர், உறவு, செய்த பணி மூன்றையும் எழுதிவர வேண்டும்; பாடசாலை ஜிம்மில் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார்கள். இரவுச் சாப்பாட்டில் நான் அதை மேசையில் வைத்ததும் பெரியப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கை கழுவி வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். முதலில் வேறு தாளில் எழுதிப் பார்த்தார்.

"பேரை உடைச்சு எழுதுங்கோ அண்ணை. இல்லாட்டி அவை விழுங்கிப் போடுவினம்" என்றார் அப்பா.

பெரியப்பா பெயரை நான்காக உடைத்து எழுதினார். பணி என்ற இடத்தில், துறைமுகத் தொழிலாளி.

மறுநாள் ஆசிரியை அதைப் படித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனுஷி, குரலை உயர்த்தாதவர். இந்தப் பட்டியல் படையில் இருந்தவர்களுக்கானது, இவர் கடற்படையில் இருந்தாரா என்று கேட்டார். மேசையில் மற்றப் பிள்ளைகளின் தாள்கள் கிடந்தன. விமானி. கப்டன். பீரங்கிப் படை. ஒரு தாளில் பதக்கத்தின் படம் ஒட்டியிருந்தது. பெரியப்பா கண்ணாடி துடைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. இல்லை என்றால் அந்தப் பெயர் திரும்பி வீட்டுக்கு வரும்.

ஓம் என்று தலையாட்டினேன். ஆசிரியை பெரியப்பாவின் எழுத்தை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, பிரித்தானியக் கடற்படை மாலுமி என்று எழுதினார்.

நினைவு நாள் காலை அப்பா அஜக்ஸில் இருந்த தொழிற்சாலைக்கு லீவு போட்டார். பெரியப்பா கறுப்பு ஓவர்கோட் போட்டு வந்தார். ஜிம் வாசலில் ஒரு கிழவர் பொப்பிப் பூத் தட்டுடன் நின்றார். பெரியப்பா சற்று நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றை எடுத்துக் குத்திக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

பெயர்களை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசித்தாள். அப்பப்பாவின் பெயரை உடைத்து எழுதியபடியே, ஒரு எழுத்தும் விழுங்காமல் வாசித்தாள். பெரியப்பா முன்னால் சாய்ந்தார். பிறகு மாலுமி என்றாள்.

பெரியப்பா எழுந்தார். முழுவதும் அல்ல, கதிரையின் கைப்பிடியை ஊன்றிப் பாதி எழும்பினார். வாய் திறந்தது. அதே நேரம் மௌன அஞ்சலி அறிவிக்கப்பட்டு எல்லோரும் எழுந்து நிற்க, அவரும் அவர்களில் ஒருவராக நின்றார். இரண்டு நிமிடம். நான் மேடையோரத்திலிருந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல மூடியது.

காரில் திரும்பும் வழியில் அப்பாதான் பேச்சைத் தொடங்கினார்.

"சரியாத்தானே அண்ணை வாசிச்சவை?"

"ஓம்" என்றார் பெரியப்பா. "பேர் சரி."

பூவின் ஊசி கழன்று அவருடைய மடியில் விழுந்திருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

அதற்கடுத்த ஒக்ரோபர்களிலும் அவர் வந்தார். பெட்டியில் பத்திரிகை இல்லை, ரொபி இருந்தது. அம்மா, இப்பதான் அத்தானுக்கு லண்டன் பழகியிருக்கு என்று பகிடி பண்ணினார்.

அவர் இறந்த பிறகு அப்பா லண்டனுக்குப் போய் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு பழைய கடிதக் கோப்பு ஒன்றை மட்டும் கொண்டுவந்தார். நான் அப்போது பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம். கடிதங்களின் பிரதிகள் வருட வரிசையில் இருந்தன. கடைசிக் கடிதம், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம் எங்களிடம் வரப் புறப்பட ஒரு கிழமைக்கு முன் எழுதியது. அதற்குப் பின்னால் பாடசாலையின் நிகழ்ச்சித் தாள் இருந்தது. அச்சில், அப்பப்பாவின் பெயர், பக்கத்தில் மாலுமி. கோப்பில் இருந்த ஒவ்வொரு தாளிலும் சிவப்புக் கோடு இருந்தது. இந்தத் தாளில் மட்டும் ஒன்றும் இல்லை.

நினைவு நாள் அன்று காரின் பின் இருக்கையில், பெரியப்பாவின் பிடரியைப் பார்த்தபடி, எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மாலுமி என்றதை அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.