ரோமில் கேட்ட ‘ஏனுங்க’

இன்று சங்ககிரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் போனில் ரோம் நகரப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் அங்க போயிருக்கேன் சாமி,” என்றேன்.

“நெசமாவாங்க தாத்தா?”

நிஜம்தான். எண்பதுகளில், லிபியாவில் போர்வெல் வேலை முடிந்து ஊர் திரும்பும் வழியில் இரண்டு நாள் ரோமைச் சுற்றிப் பார்த்தேன். கொலோசியத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கூட வந்தவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். என் பாஸ்போர்ட்டும் அந்தப் பஸ்ஸில்தான். தங்கியிருந்த ஓட்டலின் பெயர்கூடத் தெரியாது.

“ஐயோ, இனி எப்படி ஊடு போய்ச் சேருவேன்!” என்று வாய்விட்டே புலம்பினேன்.

“ஏனுங்க, நம்மூருங்களா?”

திரும்பிப் பார்த்தால் ஒரு கன்னியாஸ்திரீ! சொந்த ஊர் எடப்பாடியாம்.

“அழுகாதீங்கண்ணா, நானாச்சு,” என்றார்.

ஓட்டல் ஓட்டலாகப் போன் போட்டு விசாரித்து, பொழுது சாய்வதற்குள் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாஸ்போர்ட் கைக்கு வந்த சந்தோஷத்தில் அவர் பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

எடப்பாடிப் பக்கம் யார் வீட்டிலாவது அப்படி ஒரு அம்மா இருந்தால், என் நன்றியைச் சொல்லுங்கள். அன்று அவர் வாங்கித் தந்த காபி வேப்பங்காயாய்க் கசந்ததை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.