நாலு விரல் மிச்சம்

அன்று காலை வார்டில் அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: டாக்டர் கவிதா, எலும்பு ஆபரேஷன் செய்பவர். சிஸ்டர் அஸ்மா, வார்டுப் பொறுப்பு; மலாய்க்காரர், ஆனால் காம்பாரில் தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும். வசந்தா, ஈப்போவில் பேக்டரி வேலை. நான், டிராலி தள்ளுகிறவன். கட்டிலில் வசந்தாவின் அம்மா லெட்சுமி அக்கா, தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆபரேஷன் அறையின் பச்சை டிராலியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்லா. என்னை வீட்டுக்குக் கொண்டு போயிருங்க."

"ஆபரேஷன் செய்யலன்னா இனி நடக்க முடியாதும்மா," என்றாள் வசந்தா.

"கத்திக்குப் பயமில்ல. அரிசி மூட்டை மாதிரி தூக்கித் தூக்கிப் போடுறாங்க. இந்தத் தம்பியும்தான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எத்தனை தடவை தூக்குனீங்க அண்ணே?"

அப்போதுதான் விரல் விட்டு எண்ணினேன்.

"நாலு, டாக்டர். ஆம்புலன்சுலேர்ந்து எமர்ஜென்சி டிராலி. அப்புறம் எக்ஸ்ரே மேசை. திரும்ப டிராலி. அப்புறம் இந்தக் கட்டில். இன்னும் ரெண்டு இருக்கு: இந்தப் பச்சை டிராலி, அப்புறம் ஆபரேஷன் மேசை."

ஒவ்வொரு பிரிவுக்கும் தனி டிராலி. ஆபரேஷன் அறைக்குள் அதன் பச்சை டிராலி மட்டும்தான் போகலாம். இருபத்தாறு வருடம் அப்படித்தான் தள்ளினேன்.

"கட்டிலுக்குத்தான் சக்கரம் இருக்கே. இதையே தள்ளிட்டுப் போலாமே?" என்றார் டாக்டர்.

"தா போலே, முடியாது டாக்டர்," என்றார் சிஸ்டர். "ஆபரேஷன் அறை வாசல்ல நுழையாது."

நுழையாது என்று நானும் புதியவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் என்னிடம் சொன்னார். யார் அளந்தது என்று தெரியாது.

ஆபரேஷன் அறையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டால் அக்காவுக்கு நாளைக்குத்தான். ஒரு பேண்டேஜ் துணியை எடுத்தேன். கட்டிலின் அகலத்துக்கு முடிச்சுப் போட்டேன். ஓடிப்போய் ஆபரேஷன் அறை வாசலில் பிடித்துப் பார்த்தேன்.

நாலு விரல் மிச்சம்.

திரும்பி வந்து முடிச்சைக் காட்டினேன். சிஸ்டர் கையில் வாங்கிப் பார்த்தார். "உள்ள போறதுக்கு முன்ன சக்கரத்தை நல்லாத் துடைங்க," என்றார்.

"இத்தன வருசம் அளக்காமலா தள்ளுன?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாக்கா."

"நல்ல ஆளுலா நீ." கம்பியை விட்டார். "சரி, தள்ளு."

கட்டிலோடு தள்ளினேன். மேசைக்கு ஒரே ஒரு தூக்கு.

பிறகு கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். இப்போது எமர்ஜென்சி டிராலியில் வைத்தே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கட்டில் ஆபரேஷன் அறை வரை போகிறது. அக்கா செக்கப்புக்குக் கம்பு ஊன்றி நடந்து வந்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நுழையாது என்றால் அளந்து பாருங்கள். தூக்குமுன் படுத்திருப்பவரைக் கேளுங்கள்.

முன்பு ஆறு தூக்கு. இப்போது மூன்று.